அந்தரங்கம் இரகசியமல்ல

நமது ஊர்களில் 'பிரைவேட்' என்ற சொல்லை அறியாதவர் இல்லை. பிரைவேட் பஸ், பிரைவேட் கிளாஸ், பிரைவேட் ஆஸ்பத்திரி. மூன்றுமே காசு கொடுத்தால் கிடைப்பவை. அதனாலோ என்னவோ, 'பிரைவசி'யையும் மதில் கட்டி, அறைக்கு அறை கதவு போட வசதியுள்ளவர்களின் சாமானாகவே விளங்கி வைத்திருக்கிறோம்.

தமிழில் அதனை அந்தரங்கம் என்கிறோம். பேச்சிலோ அச்சொல் படுக்கையறையாகச் சுருங்கிவிட்டது; இல்லாவிட்டால் இரகசியமாகிவிட்டது. இரகசியம் என்றதும் ஒரு கேள்வி எழும்: "பிழை செய்யாதவனுக்கு மறைக்க என்ன இருக்கு?" ஆசிரியர் ஓய்வறையில் இக்கேள்வி என் காதில் விழாத தவணையில்லை. கேட்பவரின் சம்பளப் பட்டியலை, கடன் கழிவுகளோடு, விளம்பரப் பலகையில் ஒட்டச் சம்மதிப்பாரா? கடன்படுவது குற்றமல்லவே!

அந்தரங்கம் குற்றத்தை மூடும் துணியல்ல. என்னைப் பற்றி எதை, யாருக்குச் சொல்வதென்று நானே தீர்மானிக்கும் உரிமை அது. வைத்தியருக்குச் சொன்னது வைத்தியருக்கு, ஊருக்கல்ல.

இவ்வுரிமையை நாம் ஏழைகளிடமிருந்தே முதலில் பறிக்கிறோம். சத்திரசிகிச்சைக்கு உதவி கோரி வட்ஸ்அப்பில் வரும் அறிவித்தல்களைப் பாருங்கள். நோயாளியின் படம், வைத்திய அறிக்கை, அடையாள அட்டை இலக்கம், கிராம உத்தியோகத்தரின் கடிதம், குமர்ப்பிள்ளைகளின் எண்ணிக்கை வரை எல்லாமே அதிலிருக்கும். காசு சேர்ந்த பின்னரும், ஏன், நோயாளி மௌத்தான பின்னரும் அது கைக்குக் கை சுற்றும். அவருடைய பிள்ளை வகுப்பில் தலைகுனிந்திருப்பதை அனுப்பியவர்கள் காண்பதில்லை.

ஆதாரமில்லாமல் எப்படிக் கொடுப்பதென்பார்கள். நியாயந்தான், மோசடிகளும் நடக்கின்றன. ஆனால் அந்த ஆதாரத்தைப் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருவர் மூவர் பார்த்து உறுதிப்படுத்தினால் போதாதா? கொடுப்பவருக்கு அந்த உறுதியும் ஒரு கணக்கிலக்கமும் போதும். மலசலகூடத்தின் கதவைக் கழற்றிவிட்டுத்தான் தண்ணீர் கொடுப்போம் என்பது என்ன தர்மம்?

நமது நாட்டின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், நோய் பற்றிய விபரத்தை விசேட வகைத் தரவுகளில் சேர்த்திருக்கிறது. நமக்கோ சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையிருக்கவில்லை. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்று மத்ரஸாவிலேயே படித்தவர்கள் நாம். இன்று வாங்கும் கையையும் முகத்தையும் சேர்த்துப் படமெடுக்கிறோம்.

பணக்காரனுக்கென்றால் பிரைவசி, ஏழைக்கென்றால் "மறைக்க என்ன இருக்கு?" ஒரே சொல்லுக்கு இரண்டு அகராதி வைத்திருக்கிறோம். எழுதுகிறவர்களாவது இரண்டாவதைக் கிழித்தெறிய வேண்டும்.