எந்த வகையில் வைப்பது?



எமது நிலையத்தின் அலுமாரியில் இருந்த கோவைகளை ஸ்கேன் செய்து கணனியில் ஏற்றி வருகிறோம். இதற்கென உள்ள மென்பொருள் ஒவ்வோர் ஆவணத்துக்கும் இரண்டு கேள்விகளைக் கேட்கிறது. இது என்ன வகை? எந்தத் தொகுதிக்கு உரியது?

வகை என்பது அந்தக் கடதாசி என்னவென்று சொல்வது: பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், காணி உறுதி, வைத்திய அறிக்கை என்பன போல. தொகுதி என்பது அது யாருடையது, எந்த அலுவலுக்கு உரியது என்று சொல்வது. ஒரு கடதாசிக்கு வகை ஒன்றுதான். தொகுதிகள் பலவாக இருக்கலாம். அலுமாரியில் ஒரு காணி உறுதியை ஒரு கோவையில்தான் வைக்கலாம். கணனியிலோ அதே உறுதி குடும்பத் தொகுதியிலும் வீட்டுத்திட்டத் தொகுதியிலும் தெரியும். இரண்டு பிரதிகள் தேவையில்லை.

வேலை விரைவாக முடியட்டும் என்று எண்ணி, வகைகளின் பட்டியலை ஒரு பின்னேரத்தில் நான் தனியாகவே தயாரித்து விட்டேன்.

சில வாரங்களின் பின் ஒரு தாய் வந்தார். 2009இல் யுத்தத்தின் கடைசி நாட்களில் காணாமற்போன மகனின் பத்திரம் ஒன்றுக்குப் பிரதி கேட்டார். பெயரைத் தட்டினேன். திரையைப் பார்த்தவர், "என்ர மகனை ஏன் பிள்ளை செத்தவையோட வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டார்.

அது காணக்கிடைக்காமைக்கான சான்றிதழ். எனது பட்டியலில் அதற்கு இடமில்லை. "மரணப் பதிவுகள்" என்ற வகைக்குள் போட்டிருந்தேன்.

இரண்டும் ஒன்றல்ல. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், காணாமற்போனவருக்கு மரணப் பத்திரம் பெற வழி செய்தது. தம் பிள்ளை இறந்ததாக எழுதப் பல தாய்மார் சம்மதிக்கவில்லை. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்த பிறகே, இறந்தார் என்று சொல்லாமல் குடும்ப அலுவல்களைப் பார்க்க இந்தச் சான்றிதழ் கிடைத்தது. அந்தத் தாய் பல வருடங்களாக மறுத்து வந்ததை நான் ஒரு சொடுக்கில் செய்து விட்டேன். வகைப்படி பெயர்ப் பட்டியல் எடுத்து வெளியே அனுப்பியிருந்தால், அவருடைய மகனின் பெயர் இறந்தவர்களோடு போயிருக்கும்.

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் முன்னாலேயே புதிய வகை ஒன்றை உருவாக்கி, அந்தச் சான்றிதழை மாற்றினேன். அடுத்த கூட்டத்தில் சங்கப் பெண்களோடு இருந்து முழுப் பட்டியலையும் வாசித்தோம். குடும்பத் தொகுதிகள் கணவர்மாரின் பெயரில் இருப்பதை அவர்களே சுட்டிக் காட்டினார்கள். கணவன் விட்டுப் போன பெண் தன் காணிக் கடதாசியை அவனுடைய பெயரில் தேட வேண்டியிருந்தது! இப்போது தொகுதிகள் பெண்களின் பெயரில் இருக்கின்றன.

உங்கள் சங்கத்திலும் இந்த வேலை தொடங்குவதாயின் சில விடயங்களைக் கவனியுங்கள்.

ஸ்கேன் செய்யுமுன் பட்டியலை உரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். "மற்றவை" என்ற வகை வீங்கத் தொடங்கினால் பட்டியலில் குறை இருக்கிறது என்று அர்த்தம். பெயரை ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி எழுதுவதால், அடையாள அட்டை இலக்கத்தையும் சேர்த்துப் பதியுங்கள். வைத்திய அறிக்கை, வன்முறை முறைப்பாடு போன்றவற்றைத் தனித் தொகுதியாக்கி, பொறுப்பானவர் மட்டும் திறக்கும்படி பூட்டுங்கள். ஸ்கேன் செய்தாயிற்று என்று மூலப் பத்திரத்தை எறிந்து விடாதீர்கள். உரியவரிடம் திருப்பிக் கொடுங்கள்.

அந்தத் தாய் பிரதியை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தார். போகுமுன், "இப்ப எதுக்குள்ள இருக்கு, ஒருக்காக் காட்டு பிள்ளை" என்றார். காட்டினேன். எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுத்தான் எழும்பினார்.