கணனியைக் கைமாற்று முன்

சங்க அலுவலகத்துக்குப் புதுக் கணனி வந்தால் பழையதைப் பக்கத்துப் பாடசாலைக்கோ முன்பள்ளிக்கோ கொடுத்துவிடுகிறோம். நல்ல காரியம்தான். ஆனால் அந்தப் பெட்டிக்குள் என்னென்ன இருந்தன? காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காக ஒரு தாய் சொல்லச் சொல்ல நாம் தட்டெழுதிய முறைப்பாட்டுக் கடிதம், பெண் தலைமைக் குடும்பங்களின் பெயர்ப் பட்டியல், அடையாள அட்டை இலக்கங்கள், கணவனின் அடி தாங்காமல் ஓடிவந்தவளின் வாக்குமூலம். இவையெல்லாம் எங்களை நம்பிச் சொன்னவை.

"எல்லாம் அழித்தாயிற்று, குப்பைக் கூடையும் வெறுமை" என்பார்கள். அது போதாது. நூலகத்தில் பட்டியல் அட்டையை மட்டும் கிழித்தெறிந்தால் புத்தகம் இறாக்கையிலேயே இருக்குமல்லவா? கணனியின் வன்தட்டிலும், அதாவது ஹார்ட் டிஸ்க்கிலும், அப்படித்தான். 'குயிக் போர்மட்' செய்தாலும் இதே கதை. மீட்டெடுக்கும் மென்பொருட்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர்கள் இருவர் 158 பழைய ஹார்ட் டிஸ்க்குகளை வாங்கிச் சோதித்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். வாசிக்க முடிந்த 129இல் ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மாத்திரமே!

வழி இதுதான்: பழைய எழுத்தின் மேல் புதிதாக எழுதி நிரப்பவேண்டும். வழமையான சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு தடவை முழுமையாக நிரப்பினால் போதும். விண்டோஸ் 10, 11 கணனிகளில் 'றீசெற் திஸ் பீசி'க்குள் 'றிமூவ் எவ்றிதிங்' என்பதைத் தெரிந்து, 'கிளீன் டேட்டா' என்பதையும் இயக்கிவிடுங்கள். சில மணித்தியாலங்கள் எடுக்கும். மின்தடை வராத நேரமாகப் பார்த்துத் தொடங்குவது நல்லது. பழைய கணனிகளுக்கு 'டிபான்' என்ற இலவச மென்பொருள் உண்டு. அது பூட்டியிருக்கும் டிஸ்க்குகள் எல்லாவற்றையும் துடைத்துவிடக் கூடியது. ஆகவே முதலில் தேவையானவற்றைப் பிரதி எடுத்து, திறந்து சரிபார்த்து, அந்தப் பிரதியைக் கழற்றி வேறிடத்தில் வைத்துவிட்டே தொடங்குங்கள்.

எஸ்.எஸ்.டி. வகை டிஸ்க்கில் மேலே எழுதுவது எல்லா இடத்தையும் எட்டாது. அதற்குத் தயாரிப்பு நிறுவனமே தரும் அழிக்கும் மென்பொருள்தான் சரி. கணனி இயங்கவே மறுத்தால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுங்கள். திருத்தும் கடைத் தம்பியிடம் விடுவதென்றால், முடியும்வரை சங்கத்தில் ஒருவர் கூட இருக்கட்டும். (தம்பி நல்லவர்தான், கடைக்கு வந்துபோகிறவர்கள் எல்லோரையும் எங்களுக்குத் தெரியாதே.)

கணனியே இல்லாத சகோதரிகளுக்கும் இதில் பங்கு உண்டு. உங்கள் விபரத்தை எழுதிக்கொண்டுபோன அலுவலகத்தில் அடுத்த முறை கேளுங்கள்: "பழைய கணனியை என்ன செய்தீர்கள்?"