துளையை அளந்தவர் யார்?

பல்கலைக்கழகக் கட்டடங்களின் மின்பணி மதிப்பீடுகளைப் புரட்டியவர்கள் கடைசிப் பக்கங்களில் இப்படியொரு வரியைக் கண்டிருக்கலாம்: ‘கேபிள் குழாய்களின் வாய்களை நுரை கொண்டு அடைத்தல் — தேவையான அளவு.’ கேபிளுக்கு மீட்டர் கணக்கு உண்டு, ஸ்விட்சுக்கு எண்ணிக்கை உண்டு. நுரைக்கு மட்டும் ‘தேவையான அளவு’. எவ்வளவு தேவை என்று சொல்வதற்குத்தானே மதிப்பீடு? கேள்விக்குரிய சொல்லையே விடையின் இடத்தில் எழுதிவைப்பதை எந்த ஆய்வேட்டில் ஏற்றுக்கொள்வோம்?

கோடிக்கணக்கான ரூபாய்ப் பணியில் சில டப்பா நுரை ஒரு பொருட்டா என்று பொறியாளர் நண்பர்கள் கேட்பார்கள். விலையைப் பார்த்தால் பொருட்டே இல்லை. ஆனால் குறைவாக வாங்கப்பட்ட சுண்ணாம்பு சுவரெங்கும் சற்று மெலிதாகப் பூசப்படும். குறைவாக வாங்கப்பட்ட நுரை அப்படிப் பரவுவதில்லை. முதல் துளைகள் நிறைய அடைபடும், டப்பா தீர்ந்ததும் எஞ்சியவை திறந்தே கிடக்கும். எஞ்சுபவை பெரும்பாலும் கை எட்டாத மூலையில் இருப்பவை. நாற்பதில் முப்பத்தெட்டு அடைத்தாயிற்று என்பது 95 விழுக்காட்டு மதிப்பெண்போல் ஒலிக்கும். நிலத்தடிக் குழாய் வழியே வரும் மழைநீருக்கு எஞ்சிய இரண்டு போதும். நான் ஆய்வு செய்யும் வடஇந்திய வளாகத்தில் சென்ற பருவமழையின்போது தரைத்தளத்து மின்பலகை அறைக்குள் நீர் புகுந்தது இப்படித்தான். களப்பணி ஒலிப்பதிவுகள் இருந்த கணினிகளுக்கு நான்கு நாள் மின்சாரம் இல்லை.

கணக்கு கடினமானதா என்றால், இல்லை. உள்விட்டம் 100 மி.மீ. உள்ள குழாயின் வாய்ப்பரப்பு ஏறத்தாழ 78.5 சதுர செ.மீ. அதனுள் 30 மி.மீ. தடிமனுள்ள மூன்று கேபிள்கள் சென்றால் அவை அடைத்துக்கொள்வது 21.2, எஞ்சுவது 57.3. அடைப்பின் ஆழம் 15 செ.மீ. என்றால் ஒரு வாய்க்கு 0.86 லிட்டர். பிற்காலத் தேவைக்கென விட்டுவைத்த காலிக் குழாய்க்கோ 1.18 லிட்டர். காலிக் குழாயில் ஒன்றுமில்லை என்பதால் அதை விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அதிகம் கேட்பது அதுதான். இருபது குழாய்கள், அவற்றுள் நான்கு காலி, ஒவ்வொன்றுக்கும் இரு வாய் என்று கொண்டால் மொத்தம் சுமார் 37 லிட்டர். விட்டம் இரட்டித்தால் நுரை நான்கு மடங்காகும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ‘குழாய் இரண்டு மடங்கு, நுரையும் இரண்டு மடங்கு’ என்னும் வாய்க்கணக்கு பணியிடங்களில் சாதாரணம். (சுற்றளவின் பாதியை விட்டத்தின் பாதியால் பெருக்கினால் வட்டத்தின் பரப்பு கிடைக்கும் என்னும் விதி நம் கணக்கதிகாரத்திலேயே உண்டு. பரப்பைக் குறிக்க அங்கே ஆளப்படும் சொல் ‘குழி’. நம் சிக்கலுக்கு இதைவிடப் பொருத்தமான கலைச்சொல்லை நான் கண்டதில்லை.)

இனித்தான் மொழியியல் மாணவருக்கு வேலை வருகிறது. கடையில் கிடைக்கும் 750 மி.லி. பாலியூரித்தேன் நுரை டப்பாக்களில் ‘45 லிட்டர் வரை’ என்பதுபோன்ற வாசகத்தைக் காணலாம். 37 லிட்டர் வேண்டும், டப்பா 45 தரும், ஆக ஒரு டப்பா போதும் என்று முடிவு கட்டிவிடுகிறோம். ‘வரை’ என்னும் சொல் என்ன உறுதி தருகிறது? 45-ஐத் தாண்டாது என்பதை மட்டும். பத்து லிட்டர் வந்தாலும் அந்த வாசகம் பொய்யாகாது. மதிப்பிடுபவருக்குத் தேவை ‘குறைந்தது இவ்வளவு’ என்னும் கீழெல்லை. டப்பா சொல்வதோ மேலெல்லை. உரையாடலுக்குப் பால் கிரைஸ் வகுத்த நெறிகளில் ஒன்றன் பெயரே ‘அளவு’. சொல்பவர் தேவையான தகவலைக் குறைவின்றித் தருவார் என்று கேட்பவர் நம்புகிறார். அந்த நம்பிக்கையால்தான் 45 என்னும் உச்சவரம்பு நம் மனத்தில் வழக்கமான அளவாக மாறிவிடுகிறது. அந்த எண்ணும்கூடத் திறந்தவெளியில் தடையின்றிப் பொங்கும் நுரைக்கு உரியது. குழாய்க்குள் சுவரும் கேபிளும் நெருக்கும்போது நுரை செறிவாகி, கொள்ளளவு குறையும்.

வேறொரு தடையும் உண்டு. ஒற்றைக்கூறு நுரை காற்றின் ஈரப்பதத்தோடு வினைபுரிந்தே இறுகுகிறது. 15 செ.மீ. ஆழத்துக்கு ஒரே வீச்சில் செலுத்தினால் மேற்பரப்பு தோல்கட்டிவிடும்; உட்புறம் இறுகாமல் பிசுபிசுப்பாகவே கிடக்கலாம். அதனால்தான் குழாய் அடைப்புக்கென்று இருகூறு நுரை வருகிறது: இரண்டு திரவங்கள் முனைக்குழலில் கலந்து, ஈரத்தை எதிர்பாராமல் தாமே இறுகும். ஆனால் வேலையைச் சில நிமிடம் நிறுத்தினால் அந்த முனைக்குழலும் சேர்ந்தே இறுகிவிடும். ஆகவே லிட்டரோடு, எத்தனை இடைவெளிகளில் வேலை நடக்கும் என்பதையும் எண்ணி, அத்தனை முனைக்குழல்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மாடிப்படியில் ஏறி இறங்கும் நேரமும் நுரைக்கணக்கில் வரும் என்பதை எந்த விலைப்பட்டியலும் சொல்வதில்லை.

தளங்களை ஊடுருவும் மின்வடச் சுரங்கங்களைப் பற்றித் தனியே எழுத வேண்டும். சுருக்கமாக ஒன்று மட்டும். 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, அவை ஒவ்வொரு தளத்திலும் தீத்தடுப்புப் பொருளால் அடைக்கப்பட வேண்டும் என்கிறது. சாதாரண பாலியூரித்தேன் நுரை எரியக்கூடியது. மதிப்பீட்டில் வெறுமனே ‘நுரை’ என்று எழுதினால் இரண்டும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும்; ஒப்பந்ததாரர் மலிவானதையே வாங்குவார்.

நான் கேட்பது ஒரு தாள்தான். துளையின் எண், உள்விட்டம், கேபிள்களின் எண்ணிக்கையும் தடிமனும், அடைப்பின் ஆழம், நுரையின் வகை. முதல் துளையை அடைக்கும் முன்னும் பின்னும் டப்பாவை எடை போட்டால், ஒரு துளைக்கு எத்தனை கிராம் என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். எஞ்சியவற்றுக்குப் பரப்பின் விகிதத்தில் கணக்கிட்டுக்கொள்ளலாம். கட்டடக் குழுக்களில் மாணவர் பிரதிநிதியாகவோ துறைப் பிரதிநிதியாகவோ அமர்ந்திருக்கும் நண்பர்கள், அடுத்த கூட்டத்தில் இந்தத் தாளைக் கேட்டுப் பாருங்கள். பருவமழைக்கு முன்பே கேளுங்கள்.