ஈறில் இரத்தம் வந்தால் பிரஷை நிறுத்தாதீர்கள்

"பிரஷ் பட்டாலே இரத்தம் வருது டாக்டர். அதான் ஒரு மாசமா அந்தப் பக்கம் தேய்க்கிறதையே விட்டுட்டேன்."

ஆயர் குரோவில் வேலை பார்க்கும் 34 வயது இளைஞர் சொன்னார். கீழ் முன்பற்கள் ஆடின. வலி இல்லை, அதனால்தான் தாமதம்.

என் அப்பாவும் இப்படித்தான். ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஐம்பது வயதுக்குள் பாதிப் பற்கள் போய்விட்டன, ஒன்றிலும் சொத்தை இல்லை. "வயசானா விழத்தான் செய்யும்" என்பார். காரணம் வயதல்ல, ஈறு நோய்.

பல்லும் ஈறும் சேரும் இடத்தில் வழவழப்பாகப் படிவது கிருமிக் கூட்டம். தேய்த்து எடுக்காவிட்டால் காரையாக இறுகும். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே பள்ளம் விழும். காற்றுப் புகாத அந்தப் பள்ளம், போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் போன்ற பாக்டீரியாக்களுக்குச் சொகுசு வீடு. அவற்றோடு உடல் நடத்தும் சண்டையில் பல்லைத் தாங்கும் எலும்பு கரைகிறது.

இதில் கூட்டாளி ஒன்று உண்டு: கேண்டிடா என்ற ஈஸ்ட். பலரின் வாயில் அது சும்மா இருக்கும். இனிப்பு நீர், புகை, வாய் வறட்சி, இரவிலும் கழற்றாத பொய்ப்பல் இருந்தால் பெருகும். அதன் இழைகளில் பாக்டீரியா ஒட்டிக்கொள்ளும். ஈஸ்ட் ஆக்சிஜனை இழுத்துக்கொள்வதால் ஜிஞ்சிவாலிஸ் பிழைத்துக்கொள்வதை ஆய்வுக்கூடங்களில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் முதல் குற்றவாளி பாக்டீரியாதான். நீங்களாகவே ஃபார்மசியில் பூஞ்சை மருந்து வாங்கிப் போடாதீர்கள்.

1965-இல் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளர் டென்மார்க்கில் 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார். மூன்று வாரத்துக்குள் எல்லாருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கியதும் ஒரு வாரம் போல ஆனது, சரியானது.

அவரே 1970 முதல் 1985 வரை இலங்கையின் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 தமிழ்த் தொழிலாளர்களைக் கவனித்தார். பல் வைத்தியத்தையே பார்க்காதவர்கள். எல்லார் வாயிலும் காரை, எல்லார் ஈறிலும் வீக்கம். ஆனால் 8 விழுக்காட்டினருக்கு நோய் வேகமாக முற்றியது. 81 விழுக்காட்டினருக்கு மெதுவாக. 11 விழுக்காட்டினருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றது.

நாம் எந்தக் கூட்டத்தில் இருக்கிறோம் என்று முன்கூட்டியே தெரியாது. "தாத்தா கரியில விளக்கி எண்பது வயசுலயும் கரும்பு கடிச்சாரு" என்பது தாத்தாவின் அதிர்ஷ்டம்.

நம் கையில் இருப்பது இவ்வளவுதான். மென்மையான பிரஷால் ஈறு ஓரமாகக் காலையும் இரவும் தேயுங்கள். பல் இடுக்கையும் சுத்தம் செய்யுங்கள். கிளினிக்கில் காரையை எடுத்துவிடுங்கள். பொய்ப்பல்லை இரவில் கழற்றிக் கழுவி வையுங்கள். சிகரெட்டை விடுங்கள். சர்க்கரை அளவைப் பாருங்கள். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது.

அந்த இளைஞருக்கு இரத்தச் சர்க்கரை 13. அன்றுவரை அவருக்கே தெரியாது.

நாளைக் காலை பல் துலக்கித் துப்பும்போது, நுரை சிவப்பாக இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.