நகரத்தைப் படிக்க நம் பிள்ளைகள் வேண்டும்



ஆண்டுதோறும் தேர்வு முடிவுகள் வரும் நாட்களில் பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களில் ஒரே பேச்சுத்தான். "கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்ததா? எந்தக் கல்லூரி?" அல்சூரானாலும் சரி, ஸ்ரீராமபுரமானாலும் சரி, மற்றப் படிப்புகள் எல்லாம் இரண்டாம் பட்சம். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மில்லிலும் தொழிற்சாலையிலும் ரயில்வேயிலும் உழைத்துக் களைத்த தலைமுறையின் பிள்ளைகள் கணினி முன் உட்கார்ந்து கைநிறையச் சம்பாதிப்பது நமக்கெல்லாம் பெருமையே.

ஆனால் அந்தப் பிள்ளை காலையில் வேலைக்குக் கிளம்பி, வெளிவட்டச் சாலையில் மணிக்கணக்கில் நிற்கிறான். கோடை வந்தால் தண்ணீர் லாரி வருமா என்று அவன் தாய் வாசலைப் பார்த்து நிற்கிறாள். இரவு பெருமழை பெய்தால் தாழ்வான தெருக்களில் இருப்பவர்களுக்குத் தூக்கமில்லை. சாலை எங்கே போக வேண்டும், ஏரி எங்கே முடிய வேண்டும், ஏழைக்கு வீடு எங்கே என்பதையெல்லாம் முடிவு செய்வதற்கென்றே படிப்பு இருக்கிறது. நகரமைப்பு என்று ஒன்று, பொது நிர்வாகம் என்று ஒன்று. இரண்டிலும் முதுநிலைப் பட்டம் பெறலாம். நம் வீடுகளில் இந்தப் பெயர்கள் காதில் விழுவதே இல்லை. அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

நகரமைப்பு என்பது நிலத்தைப் பற்றியது: குடியிருப்பு, தொழிற்சாலை, சாலை, ரயில், குடிநீர், கழிவுநீர், பூங்கா, இவை ஒன்றோடொன்று எப்படிப் பொருந்த வேண்டும் என்று கணக்கிடுவது. பொது நிர்வாகம் என்பது அந்தக் கணக்கை நடத்திக் காட்டுவது: எந்தத் துறைக்கு என்ன அதிகாரம், பணம் எங்கிருந்து வரும், யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது. ஒன்றில்லாமல் மற்றொன்று நொண்டும்.

இவை மேல்நாட்டிலிருந்து வந்த புதுச் சரக்கு என்று எண்ண வேண்டாம். சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரம் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என்று இரு பகுதிகளாக வகுக்கப்பட்டு, நடுவே நாளங்காடி அமைந்தது. மதுரையில் கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று அடுக்கடுக்காக வீதிகள் அமைந்ததை நாம் அனைவரும் நடந்தே பார்த்திருக்கிறோம். உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்துக் குடவோலையால் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்ததைச் சொல்கிறது. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம். பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மறுபடி தேர்வுக்கே வரக்கூடாது என்பது விதி. பத்தாம் நூற்றாண்டுத் தமிழன் பொது நிர்வாகத்தை இப்படிக் கல்லில் எழுதி வைத்தான். நவீன இந்தியாவில் பொது நிர்வாகத்தை டிப்ளமா படிப்பாக முதலில் தொடங்கியதும் சென்னைப் பல்கலைக்கழகம்தான், 1937இல்.

நாம் வாழும் இந்த ஊரிலும் அந்தத் தொடர்பு உண்டு. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மென்டுக்கு 1864இல் ரயில் வந்தது. நம்மவர் பலரும் வந்திறங்கிய பாதை அது. 1898இல் பிளேக் நோயும் ரயிலேறித்தான் வந்தது. நெருக்கடியான பேட்டைத் தெருக்களில் மக்கள் மடிந்தார்கள். அப்போது மைசூர் திவானாக இருந்தவர், பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சேஷாத்ரி ஐயர். அவர் காலத்தில் திட்டமிடப்பட்டு, பிளேக்குக்குப் பின் விரைந்து வளர்ந்தவைதான் மல்லேஸ்வரமும் பசவனகுடியும். அகன்ற நேர்த்தெருக்கள், வீடுகளின் பின்னால் துப்புரவுக்கென்று தனிச் சந்து, காற்றோட்டத்துக்குப் பூங்கா. நூறு ஆண்டு கடந்தும் அந்த இரண்டு பேட்டைகளில் வீடு கிடைக்காதா என்று ஏங்குகிறோம். திட்டமிட்டுக் கட்டியதன் பலன் அது.

இன்றைய நிலை என்ன? நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி நாட்டிலுள்ள 7,933 நகர்ப்புறங்களில் 65 சதவீதத்துக்கு முழுமைத் திட்டம் என்பதே கிடையாது. மாநில நகரமைப்புத் துறைகளுக்கு 12,000க்கும் மேற்பட்ட நகரமைப்பாளர்கள் தேவை. அனுமதிக்கப்பட்ட இடங்களோ 3,945. அதிலும் 42 சதவீதம் காலி. பல மாநிலங்களில் நகரமைப்புப் பணிக்கு நகரமைப்புப் பட்டம் கட்டாயத் தகுதியாகவே வைக்கப்படவில்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது. பல் வலிக்குக் கண் டாக்டரிடம் போவது போன்ற நிலை.

நம் பெங்களூரையே எடுத்துக்கொள்வோம். 2007இல் ஒப்புதல் பெற்ற முழுமைத் திட்டம் 2015ஆம் ஆண்டை இலக்காகக் கொண்டது. 2031க்கான வரைவு 2017 நவம்பரில் வெளிவந்து, பின்னர் திரும்பப் பெறப்பட்டது. ஊர் மட்டும் யாருக்கும் காத்திராமல் நாலாபுறமும் வளர்ந்தது. 1992இல் நிறைவேறிய 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகர அமைப்புகள் செய்யத்தக்க 18 பணிகளைப் பட்டியலிட்டது. அதில் முதலாவதே நகரத் திட்டமிடல். ஆனால் பெங்களூரில் அந்தப் பணி மாநகராட்சியிடம் இல்லாமல் வளர்ச்சி ஆணையத்திடம் இருந்தது. குடிநீர் ஒரு வாரியத்திடம், மின்சாரம் ஒரு கம்பெனியிடம், பஸ் ஒரு கழகத்திடம், மெட்ரோ இன்னொன்றிடம், ரயில் மத்திய அரசிடம். 2020 செப்டம்பரில் மாமன்றத்தின் பதவிக் காலம் முடிந்தபின் ஆண்டுக்கணக்கில் தேர்தலே நடக்கவில்லை. 2025 செப்டம்பரில் மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டு, மேலே ஒரு பேராணையமும் அமைந்திருக்கிறது. ஐந்தாகப் பிரித்தாலும் ஐம்பதாகப் பிரித்தாலும், நாற்காலியில் உட்கார்ந்து வரைபடத்தைப் படிக்கத் தெரிந்த ஆட்கள் வேண்டாமா?

அடியேன் சிவில் டிப்ளமா படித்து 1982இல் ரயில்வேயில் ஐ.ஓ.டபிள்யூ.வாகச் சேர்ந்து, 2020இல் ஓய்வு பெற்றவன். லெவல் கிராசிங்குக்குப் பதில் மேம்பாலம் கட்டுவதில் ஒரு முறை உண்டு. ஒரு நாளில் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையை வாகனங்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் ஒரு லட்சத்தைத் தாண்ட வேண்டும். தாண்டினால் செலவைப் பகிர்ந்து பாலம் கட்டலாம் என்பது நெடுநாளைய விதி. தண்டவாளத்துக்கு மேலுள்ள பகுதி ரயில்வேயின் பொறுப்பு. இருபுறமும் ஏறி இறங்கும் சாலை மாநிலத்தின் பொறுப்பு. ஓர் ஊரில் நாங்கள் கர்டர் ஏற்றி, எங்கள் பகுதியை முடித்துவிட்டோம். அந்தப் பக்கம் நிலம் எடுக்கவில்லை. இந்தப் பக்கம் குடிநீர்க் குழாயை மாற்றவில்லை. நாலு வருஷம் பாலம் அந்தரத்தில் நின்றது. கேட் மூடியிருக்கும்போது ஆம்புலன்சும் அதன் அடியில்தான் நின்றது. அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகத்தான் செய்தோம். மொத்த வேலையும் யாருடையது என்று ஒருவர் பெயரையும் எழுதி வைக்கவில்லை. சிமென்டும் இரும்பும் தெரிந்தவர்கள் ஏராளமாக இருந்தோம். நான்கு துறைகளை ஒரே மேசையில் உட்கார வைக்கும் வித்தை தெரிந்தவர் இல்லை.

பெங்களூர்ப் புறநகர் ரயிலும் இதே கதைதான். தென்னக ரயில்வேயின் ஆய்வுக் குழு 1983இலேயே இதைப் பரிந்துரைத்தது. 148 கிலோமீட்டர்த் திட்டத்துக்கு மத்திய அரசின் ஒப்புதல் கிடைத்தது 2020 அக்டோபரில். முப்பத்தேழு ஆண்டு! இதற்கிடையே 2011இல் மெட்ரோவே ஓடத் தொடங்கிவிட்டது.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். 2013 ஜனவரியில் ஈஜிபுரத்தில் ஏழைகளுக்கான மாநகராட்சிக் குடியிருப்பு இருந்த இடத்திலிருந்து சுமார் 1,500 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. பழைய கட்டடங்களில் சில இடிந்து விழுந்தபின் தகரக் கொட்டகைகளில் காலம் தள்ளியவர்கள் அவர்கள். நிலத்தின் ஒரு பகுதியில் வணிக வளாகம் கட்டத் தனியாரோடு ஒப்பந்தம் ஆகியிருந்தது. தெருவோரம் பாத்திரம் பண்டத்தோடு உட்கார்ந்திருந்தவர்களில் தமிழ் பேசுவோரும் பலர். 1914இல் இந்தியா வந்த பாட்ரிக் கெடஸ் என்ற ஸ்காட்லாந்து அறிஞர், சென்னை மாகாணத்து ஊர்களைத் தெருத்தெருவாக நடந்து பார்த்து அறிக்கைகள் எழுதினார். முழுப் பேட்டையையும் இடித்துத் தள்ளுவதைவிட, இருக்கும் வீடுகளைக் காப்பாற்றி, மிகவும் கெட்டுப்போன சிலவற்றை மட்டும் அகற்றிக் காற்றும் வெளிச்சமும் வரச் செய்யலாம் என்று அவர் வாதாடினார். அந்தப் பாடத்தைப் படித்தவர், அந்த மக்களின் மொழியும் தெரிந்தவர், முடிவெடுக்கும் மேசையில் ஒருவராவது இருக்க வேண்டாமா?

இனி, எங்கே படிப்பது? நகரமைப்பில் எம்.பிளான் என்பது இரண்டு ஆண்டுப் படிப்பு. பி.பிளான், கட்டடக்கலை, சிவில் பொறியியல் படித்தவர்கள் சேரலாம். பல இடங்களில் புவியியல், பொருளியல், சமூகவியல் முதுகலை முடித்தவர்களுக்கும் இடம் உண்டு. தில்லியிலுள்ள திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளி, காரக்பூர் ஐ.ஐ.டி., அகமதாபாத்தின் செப்ட், சென்னை அண்ணா பல்கலைக்கழகம் ஆகியவை பெயர் பெற்றவை. அருகிலேயே மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் வளர்ச்சி ஆய்வு நிறுவனம் இருக்கிறது. பல இடங்களில் கேட் தேர்வு மதிப்பெண் கை கொடுக்கும். பொது நிர்வாகம், பொதுக் கொள்கை என்றால் எந்தப் பட்டமும் போதும். இதே பெங்களூரில் தேசியச் சட்டப் பள்ளி 2014 முதல் பொதுக் கொள்கையில் முதுநிலைப் பட்டம் அளித்து வருகிறது. வேலை பார்த்துக்கொண்டே படிக்க விரும்புவோருக்கு இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பொது நிர்வாக முதுகலை இருக்கிறது. ஐ.ஏ.எஸ். எழுத நினைக்கும் பிள்ளைகளுக்குப் பொது நிர்வாகம் ஒரு விருப்பப் பாடமும் ஆகும்.

மூன்று ஆட்சேபணைகள் வரும் என்று தெரியும். முதலாவது, சம்பளம். கணினிக் கம்பெனியின் முதல் வருடச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் இது குறைவுதான், மறைக்க வேண்டியதில்லை. கடன் சுமை உள்ள வீட்டுப் பிள்ளையை இதற்குத் தள்ளவும் சொல்லவில்லை. வீட்டில் ஒருவர் சம்பாதிக்கத் தொடங்கிவிட்டால், அடுத்தவர் இதைப் படிக்க வழி விடலாம் அல்லவா? அரசு வேலை மட்டுமே கதி என்பதும் இல்லை. மெட்ரோ, குடிநீர், போக்குவரத்து ஆலோசனை நிறுவனங்களுக்கும் இந்தப் படிப்பாளிகள் வேண்டும்.

இரண்டாவது, மொழி. கன்னடம் எழுதப் படிக்கத் தெரியாமல் கர்நாடக அரசுப் பணியை எதிர்பார்க்க முடியாது. எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அது பாரமா? வீட்டில் தமிழும் அலுவலகக் கோப்பில் கன்னடமும் சரளமாக வரும் ஓர் அதிகாரியால் இரு மொழிக்காரருக்கும் நன்மையே.

மூன்றாவது, "திட்டம் போட்டு என்ன பயன், அரசியல்வாதி கேட்கவா போகிறார்?" என்பது. பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்கிறேன். எந்த முழுமைத் திட்ட வரைவும் வெளியானதும், ஆட்சேபணை சொல்லப் பொதுமக்களுக்கு நாள் கொடுப்பார்கள். வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவர் உள்ள பேட்டை அந்த நாளுக்குள் எழுதிக் கொடுத்துவிடும். தெரியாத பேட்டைக்கு மண்வாரி இயந்திரம் வாசலில் வந்து நிற்கும்போதுதான் செய்தியே வரும்.

ஆகவே நம் சங்கத்தின் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். கல்வி உதவித் தொகையில் ஆண்டுக்கு ஒன்றையாவது நகரமைப்பு அல்லது பொது நிர்வாகம் படிக்கும் மாணவ மாணவியருக்கு ஒதுக்குங்கள். ரயில்வே, குடிநீர், மின்சாரம், பொதுப்பணி என்று பல துறைகளில் ஓய்வு பெற்ற நம் உறுப்பினர்களைத் தேர்வு முடிவுகளுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டி, கல்லூரி இறுதியாண்டுப் பிள்ளைகளோடு உட்கார வையுங்கள். பெற்றோரும் கூட வரட்டும், கேள்வி கேட்கட்டும்.

அந்தக் கூட்டத்துக்கு நாற்காலி எடுத்துப் போடுவதிலிருந்து எல்லா வேலைக்கும் அடியேன் தயார். நாளைச் சங்கம் குறிக்கட்டும்.