காய்ச்சலை மாத்திரையால் மறைக்க வேண்டாம்

கீமோதெரபி எடுத்துக்கொண்டு, நந்தனத்திலும் பக்கத்துத் தேனாம்பேட்டையிலும் அறை எடுத்துத் தங்கியிருக்கும் குடும்பங்களிடம் ஒரு வழக்கத்தைக் காண்கிறோம். இரவில் நோயாளியின் உடல் சுடுகிறது. பாராசிட்டமால் கொடுக்கிறார்கள்; சூடு தணிகிறது; காலையில் மருத்துவரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார்கள். அன்பினால் செய்யப்படும் இச்செயல் ஆபத்தானது என்பதே எங்கள் கருத்து. 'காய்ச்சல் வந்தால் உடனே வாருங்கள்' என்று சொல்லும் நாங்கள், அது ஏன் என்பதைப் போதிய அளவு விளக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

சிலவகைப் பாக்டீரியாக்களின் வெளிப்படலத்தில் லிப்போபாலிசாக்கரைடு என்னும் மூலக்கூறு உள்ளது. நம் நோய் எதிர்ப்பு உயிரணுக்கள் அதை இனங்கண்டுகொள்கின்றன. அவ்வுயிரணுக்களின் உள்ளே, 1986இல் ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் கண்டறிந்த 'என்.எஃப். கப்பா பி' என்னும் புரதம், வேறொரு புரதத்தின் பிடியில் அடங்கியிருக்கிறது. பாக்டீரியாவின் மூலக்கூறு தென்பட்டதும் அந்தப் பிடி சிதைகிறது. விடுபட்ட புரதம் உட்கருவுக்குள் நுழைந்து, ஓய்ந்திருந்த பல மரபணுக்களை இயக்குகிறது. அவற்றால் உருவாகும் வேதித் தூதுப்பொருள்கள் மூளைக்குச் செய்தி சேர்க்க, உடல் வெப்பம் உயர்கிறது. ஆக, காய்ச்சல் என்பது கிருமி நுழைந்துவிட்டது என்று உடல் தரும் அறிவிப்பு.

அதே புரதம், தன்னைப் பிடித்து அடக்கும் புரதத்தின் மரபணுவையும் இயக்கிவிடுகிறது. எனவே தொற்று நீங்கியதும் எல்லாம் அடங்கும். கிருமி பெருகிக்கொண்டே போனால் அவ்வாறு அடங்குவதில்லை. இரத்த அழுத்தம் சரிந்து, சிறுநீரகம் முதலிய உறுப்புகள் பழுதடையலாம். இதுவே செப்சிஸ் என்னும் உயிராபத்தான நிலை.

கீமோதெரபிக்குப் பின் வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் சீழும் வீக்கமும் தோன்றாமல் போகலாம். காய்ச்சல் ஒன்றே அடையாளமாக இருக்கலாம். பாராசிட்டமால் வெப்பத்தைத் தணிக்குமே தவிர, கிருமியை அழிக்காது. ஸ்டீராய்டு மருந்துகளோ மேற்சொன்ன மரபணுக்களின் இயக்கத்தையே அடக்குபவை. ஆகவே அவற்றை உட்கொள்வோருக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் வராதிருக்கலாம்.

எனவே எங்கள் வேண்டுகோள் இது. உடல் சுடுவதாகத் தோன்றினால் முதலில் வெப்பமானியால் அளந்து, நேரத்துடன் குறித்துக்கொள்ளுங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் இருந்தால், மாத்திரை கொடுத்துக் காத்திராமல் அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். குளிர் நடுக்கம், மூச்சிரைப்பு, மனக்குழப்பம், சிறுநீர் குறைதல் ஆகியவை தென்பட்டால், காய்ச்சல் இல்லாவிடினும் வாருங்கள். மருந்துக்கடையில் தாமாகவே ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுக்க வேண்டாம். எந்தக் கிருமி என்று இரத்தப் பரிசோதனையில் கண்டறிவது அதனால் கடினமாகும்.

நள்ளிரவில் வந்து தொந்தரவு செய்கிறோமோ என்று தயங்காதீர்கள். பரிசோதித்து, அஞ்ச ஒன்றுமில்லை என்று உங்களைத் திருப்பி அனுப்பும் இரவுகள் எங்களுக்கும் நிறைவான இரவுகளே.