பழைய மருந்தும் புதிய நோயும்

கொவிட் வந்தபோது அதற்கென்று மருந்து இருக்கவில்லை. வேறு நோய்களுக்குக் கொடுத்துவந்த மருந்துகளையே வைத்தியர்கள் சோதித்தார்கள். 2020இல் பிரித்தானிய வைத்தியசாலைகளில் தொடங்கிய 'ரிகவரி' ஆய்வில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சையோடு மருந்தையும் கொடுத்து, மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள்.

பலரும் நம்பிய மலேரியா மருந்தான ஹைட்ரொக்சிகுளோரோகுயின் உயிர் காக்கவில்லை. மூட்டுவாதத்துக்கும் ஆஸ்துமாவுக்கும் கொடுக்கும் மலிவான டெக்சாமெதசோன் காத்தது. செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தோரின் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஒக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கோ அதனால் பயன் இல்லை.

அதே ஆண்டு டிசம்பரில், நிரூபிக்கப்படாத பாணி ஒன்றுக்காகக் கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டதை நாம் மறக்கவில்லை. பயத்தில் இருப்பவர்களுக்கு விளங்கும் மொழியில் யாரும் உண்மையைச் சொல்லாவிட்டால் அப்படித்தான் நடக்கும்.

பக்கத்து லயத்தில் ஒருவருக்குச் சுகம் தந்த மாத்திரையை வாங்கி விழுங்காதீர்கள். தோட்ட டிஸ்பென்சரியில் மருந்து தந்தால், என்ன மருந்து, எதற்கு, எத்தனை நாளுக்கு என்று கேளுங்கள். அதைத் தமிழில் எழுதித் தரவேண்டும் என்பதே எமது கோரிக்கை. சம்பளத் துண்டை வாசித்துப் பார்க்கும் நாம், மருந்துத் துண்டையும் வாசிப்போம்.